மேட்ச்லெஸ் ஸ்டார்ட் ஆகாத காரணம்

ராஜராஜன் என் பெயரைக் கெடுத்தது ஒரு நிமிடம் பத்து வினாடியில். எங்கள் வட்டார விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் முந்நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். அதில் நான் கிடையாது. பெண்கள் யாருமே கிடையாது. என்னிடம் மோட்டார் கொடுத்திருந்த வீரையன்தான் தன் போனை என் மேஜைமேல் வைத்து அந்தக் குரல் பதிவைப் போட்டுக் காட்டினார்.

"விவசாய நண்பர்கள் எல்லாருக்கும் வணக்கம். மோட்டாருக்குக் காயில் கட்டக் கொடுக்கறவங்க கொஞ்சம் பாத்துக் கொடுங்க. குடவாசல் கடைத்தெருவுல ஒரு அம்மா கட்டுறாங்க, பேர் சொல்ல வேணாம். நம்ம மேட்ச்லெஸ் பைக்கோட காயில அங்கதான் கொடுத்தேன். நாலு நாள் தாங்கல. பொம்பளைங்க பாக்கற வேலையா இது? அவசரத்துக்குக் கொடுத்துட்டு, நாத்து காய்ஞ்ச பொறவு அழுதா ஆச்சா?"

குடவாசலில் புகைந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கட்டுகிற பெண் நான் ஒருத்திதான். பேர் சொல்ல வேண்டாமாம். என்ன பெருந்தன்மை!

வீரையன் தலையைச் சொறிந்தார். அவருடைய ஏழரை எச்.பி. மோட்டார் பிரிக்காமல் வாசலோரமாகக் கிடந்தது.

"தப்பா எடுத்துக்காதம்மா. ரெண்டு தடவ கட்டிக்கிட்டிருக்க நேரமில்ல. வாய்க்கால்ல இன்னும் சொட்டுத் தண்ணி வரல."

"எடுத்துட்டுப் போங்க," என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் மோட்டாரைத் தூக்கி வண்டியில் வைத்தார். சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று போயின.

புரட்டாசி மாதம். மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரவில்லை. எல்லோரும் போர்செட்டை ராத்திரி பகலாக ஓட்டுகிறார்கள். கரண்டோ வோல்டேஜ் இல்லாமல் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. தினம் நாலு மோட்டாராவது புகைந்து என் கடைக்கு வரும். இந்த இரண்டு மாதம் நான் கட்டுவதில்தான் மிச்ச பத்து மாதமும் கடை திறந்திருக்கிறது. இந்த நேரத்தில் ஒருமுறை பெயர் கெட்டால் அடுத்த வருடம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஈ ஓட்ட வேண்டியதுதான்.

போர்டில் 'அருள் மோட்டார் வைண்டிங்' என்று இருக்கும். அருள்பிரகாஷ் என் கணவர். மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறார். நல்ல மனிதர், ஆனால் ஃபியூஸ் போடச் சொன்னால் பத்தடி தள்ளி நிற்பார். ஐ.டி.ஐ.யில் முப்பது பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தவள் நான். பதினெட்டு வருடமாகக் கட்டுகிறவளும் நான். ஆனாலும் புதிதாக வருகிறவன் எவனும் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "ஆள் இல்லையா?" என்றுதான் கேட்பான். ராஜராஜனும் அப்படித்தான் கேட்டார்.

அவர் மிராசு குடும்பம். சிங்கப்பூரில் இருபது வருடம் இருந்து சம்பாதித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அவருடைய தாத்தா வாங்கிய மேட்ச்லெஸ், ஐம்பத்தொன்றாம் வருட மாடல், இங்கிலாந்து மோட்டார் சைக்கிள். நாற்பது வருடம் வைக்கோலுக்கு அடியில் கிடந்ததை வெளியே இழுத்து மூன்று வருடமாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். கோயம்புத்தூரில் குரோம் போட்டார். இங்கிலாந்திலிருந்து சைலன்சர் வந்தது. டேங்கில் தங்கக் கோடு போடுவதற்கென்றே ஒரு ஆள் வந்தான். எல்லாம் ஆகியும் வண்டி பத்து நிமிடத்துக்கு மேல் ஓடவில்லை. குளிர்ந்திருந்தால் ஸ்டார்ட் ஆகும். இன்ஜின் சூடானதும் திக்கித் திக்கி நின்றுவிடும். ஆறவைத்து உதைத்தால் மறுபடி பத்து நிமிடம். சென்னை, திருச்சி எல்லாம் போய்வந்து கடைசியில் என்னிடம் வந்தார்.

இந்த வண்டிக்கு பேட்டரியிலிருந்து பொறி வருவதில்லை. மேக்னெட்டோ என்று ஒன்று இருக்கிறது. இன்ஜின் சுற்றும்போது அதற்குள் காயில் கட்டிய ஆர்மேச்சர் சுற்றி, தானே கரண்டை உண்டாக்கிப் பிளக்குக்கு அனுப்பும். ஆர்மேச்சரைப் பிரித்துப் பார்த்தேன். எழுபது வருடத்து அரக்கு வார்னிஷ் உருகி வெல்லப்பாகாக வழிந்து, உள்ளே கம்பி அறுந்திருந்தது. குளிர்ந்தால் அறுந்த நுனிகள் தொடும், சூடானால் விலகும். வியாதி அவ்வளவுதான்.

அதைக் கட்டுவதற்குள் எனக்குக் கண் பூத்துவிட்டது. தலைமுடியைவிட மெல்லிய கம்பி, பல ஆயிரம் சுற்று. மூன்று தடவை நடுவில் அறுந்தது. மூன்று தடவையும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். கன்டென்சரையும் புதிதாகப் போட்டேன். பிறகு ஒரு தகரப் பெட்டியில் நூறு வாட் பல்பைப் போட்டு, மேக்னெட்டோவை அதற்குள் இரண்டு மணி நேரம் வைத்து, கை பொறுக்காத சூட்டில் வெளியே எடுத்துச் சுற்றினேன். நீலமாக, தடிப்பாக, சடசடவென்று பொறி அடித்தது. மறுநாளும் அப்படியே செய்து பார்த்தேன். அதன் பிறகுதான் கொடுத்தேன். ராஜராஜன் வண்டியில் மாட்டி கும்பகோணம்வரை போய்வந்து, போனில் என்னைப் பாராட்டவும் செய்தார். அதையெல்லாம் குழுவில் சொல்லவில்லை, பாருங்கள்.

என் காயில் போகவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? முந்நூறு பேர் காதில் அவர் குரல்தான் விழுந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலயத்துக்குப் போகவில்லை. பையில் ஸ்பேனர், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், உப்புத்தாள், ஸ்பிரிட் பாட்டில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு மொபெட்டை அவர் ஊருக்கு விட்டேன். வழியெல்லாம் வாய்க்குள் திட்டிக்கொண்டே போனேன். ஆண்டவர் அன்று என்னைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் அவருக்கே சங்கடமாக இருந்திருக்கும்.

ராஜராஜன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பதினைந்து பேர் திருச்சி, தஞ்சாவூரிலிருந்து ஒன்பது மணிக்கு வருகிறார்களாம். இவர் வீட்டில் டிபன் முடித்து, இவர் மேட்ச்லெஸ் முன்னால் போக, எல்லோரும் தரங்கம்பாடிக்குப் போவதாக ஏற்பாடு. மேட்ச்லெஸ் கறுப்பும் குரோமுமாக பந்தலின் நடுவில் நின்றது. மெக்கானிக் துரைக்கண்ணு வேர்த்து வழிய உதைத்துக்கொண்டிருந்தான். வண்டி 'புஸ்' என்றது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

என்னைப் பார்த்ததும் ராஜராஜன் முகம் சுருங்கியது.

"இப்ப எதுக்கும்மா வந்த?"

"என் காயில் போச்சுன்னு சொன்னீங்களே சார். பாக்கலாம்னு வந்தேன்."

"மத்தியானம் ஓடுது, காலையில ஓட மாட்டேங்குது. துரைக்கண்ணு சொல்லிட்டான், காயில் வீக்குன்னு."

"துரைக்கண்ணு என்னத்த வச்சுப் பாத்தாரு? நாக்க வச்சா?"

துரைக்கண்ணு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நான் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. வண்டிப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பிளக்கைக் கழற்றி, சிலிண்டர்மேல் படுக்கவைத்து, கிக்கரைக் கையால் அழுத்தினேன். பொறி வந்தது, ஆனால் மஞ்சளாக, செத்த பொறி. அடுத்த அழுத்தலுக்கு அதுவும் இல்லை. பொறி எங்கோ வழியிலேயே ஒழுகுகிறது.

அப்போதுதான் மேக்னெட்டோவைச் சரியாகப் பார்த்தேன். பளபளவென்று கறுப்பு பெயின்ட்.

"நான் குடுத்தப்ப இதுல பெயின்ட் இல்லையே?"

"வண்டி முழுக்கப் புதுசா இருக்கறப்ப அது மட்டும் சாம்பலா அசிங்கமா இருந்துச்சு. அதான் அடிச்சோம்," என்றார் ராஜராஜன்.

"பிரிச்சா அடிச்சீங்க?"

துரைக்கண்ணு தரையைப் பார்த்தான். பிரித்திருக்கிறார்கள். நான் கட்டிக் கொடுத்ததை மொத்தமாகப் பிரித்து, பெயின்ட் அடித்து, திரும்ப மாட்டி, ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் என் பெயரை முந்நூறு பேரிடம் விற்றிருக்கிறார்கள். ஸ்பேனரை யார் தலைமேலாவது போட்டுவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

மேக்னெட்டோவின் பக்கத்தில் ஒரு சின்ன மூடி. அதைக் கழற்றினால் பென்சில் நுனி அளவுக்கு ஒரு கரி பிரஷ் வரும். ஆர்மேச்சரோடு சேர்ந்து சுற்றுகிற பித்தளை வளையத்தை அது தொட்டுத்தான் கரண்டைப் பிளக்குக்கு எடுக்கும். பிரஷை எடுத்து வைத்துக்கொண்டு, டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். பித்தளை தங்கமாக மின்னியது. அதைச் சுற்றியிருக்கும், கரண்ட் கடத்தாத கறுப்பு பேக்கலைட்டின் பள்ளத்தில் பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. ஈரமாக வேறு இருந்தது. விரலால் வழித்து நாக்கில் வைத்தேன்.

புளிப்பு. உப்பு.

ஊரே கேட்கும்படி கத்தினேன்.

"மேக்னெட்டோவுக்கு எவன்யா புளி போட்டுத் தேச்சது?"

பந்தல் ஓரத்தில் வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்த அம்சம் நிமிர்ந்து பார்த்தாள். ராஜராஜன் வீட்டில் பெருக்கி மெழுகுவாள், அவர் வயலில் நடவும் களையும் அவள்தான். ஐம்பது வயதிருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நான்தான் தாயி தேச்சேன். நல்லா இருக்கா? பித்தளைய குத்துவிளக்காட்டம் ஆக்கணும்னு சொன்னாங்க. புளியும் உப்பும் வச்சு அரைநாளு தேச்சேன்."

அவள் முகத்தில் பெருமைகூட இருந்தது.

"தண்ணியில முக்கினீங்களாக்கா?"

"இல்ல தாயி. துரைக்கண்ணுதான் கம்பி சுத்தினது நனையக் கூடாதுன்னுச்சு. துணியாலதான்."

நல்ல வேளை. மற்றதெல்லாம் எனக்கு விளங்கிவிட்டது. உப்பு காலைப் பனியில் ஈரத்தை இழுக்கும். இழுத்ததும் பொறி பிளக்குக்குப் போகாமல் அந்த ஈரத்தின் வழியே மேக்னெட்டோவின் பாடிக்கு ஓடிவிடும். வெயில் ஏறிக் காய்ந்தால் மறுபடி சரியாகும். அதனால்தான் மத்தியானம் ஓடியது, காலையில் ஓடவில்லை. என் காயிலில் ஒரு குறையும் இல்லை.

ராஜராஜனுக்கும் விளங்கியிருக்க வேண்டும். உடனே அம்சத்தின் பக்கம் பாய்ந்தார்.

"அறிவிருக்கா ஒனக்கு? குத்துவிளக்கும் இதுவும் ஒண்ணா?"

"நீங்கதான ஐயா..."

"வாயை மூடு!"

நான் வாயைத் திறக்கவில்லை, வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பள்ளம் முழுக்க வழித்தேன். பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பொறி ஓடி ஓடி பேக்கலைட்டில் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது, அதைச் சுரண்டி எடுத்தேன். பொறிக்காகக் கரண்டை வெட்டும் பாயின்ட்டையும் விட்டுவைக்கவில்லை, அதிலும் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டு, இடைவெளி வைத்து, ராஜராஜன் மகளுடைய தலை உலர்த்தும் மெஷினை வாங்கி அரைமணி நேரம் சூடு காட்டினேன். கரி பிரஷை மட்டும் போடவில்லை. அது என் இடது உள்ளங்கையில் இருந்தது. எழுந்து நின்றேன்.

"சார், ஒரு வேலை மிச்சம் இருக்கு. அதுக்கு முன்னால, குழுவுல எப்படிச் சொன்னீங்களோ அதே மாதிரி உங்க வாயால சொல்லுங்க. காயில்ல குறை இல்லைன்னு."

"முதல்ல ஸ்டார்ட் ஆகட்டும். அப்புறம் பாப்போம்."

"அப்புறம்லாம் இல்ல சார். இந்தத் துண்டு இல்லாம ஒங்க வண்டி சாகற வரைக்கும் உதைச்சாலும் கிளம்பாது." கையை விரித்துக் காட்டி, மறுபடி மூடிக்கொண்டேன்.

எட்டேமுக்கால் ஆகியிருந்தது. தூரத்தில் ரோட்டில் வண்டிகளின் சத்தம் கேட்டது. ராஜராஜன் முகம் கறுத்துப் போனது. போனை எடுத்தார்.

"சரி. இப்படிப் போடறேன். எங்க வீட்ல வேலை செய்யற பொம்பள, ஒண்ணும் தெரியாம, புளி போட்டுத் தேச்சுக் கெடுத்துடுச்சு. அந்தம்மா கட்டினதுல குறை இல்ல. போதுமா?"

"தேய்க்கச் சொன்னது யாரு? பிரிச்சுக் கொடுத்தது யாரு? அதையும் சேத்துச் சொல்லுங்க."

"ரொம்ப ஏறாதம்மா."

"ஏறுவேன் சார். நீங்க சொன்னீங்க, அவங்க செஞ்சாங்க. அவங்க தலையில ஏன் போடறீங்க?"

அப்போது அம்சம் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

"விடு தாயி," என்றாள் தணிந்த குரலில். "நான்தான தேச்சேன். எம்பேருலயே இருந்துட்டுப் போவட்டும். தண்ணி வந்ததும் ஐயா வயல்ல நடவு. என்னைய நிறுத்திப்புட்டாருன்னா நான் எங்க போவேன்?"

முதல் வண்டி பந்தலுக்குள் திரும்பியது. ராஜராஜன் போனை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என் கடைவாசல் காலியாகக் கிடப்பது என் கண்ணுக்குள் வந்தது. நான் உள்ளங்கையை விரித்தேன்.

"சரி, போடுங்க," என்றேன்.

அவர் போட்டார். நான் பிரஷை மாட்டினேன். மூன்றாவது உதைக்கு மேட்ச்லெஸ் பிடித்துக்கொண்டு தடதடவென்று பந்தல் அதிர முழங்கியது. வந்தவர்கள் கைதட்டினார்கள். புளி விஷயத்தை ராஜராஜன் நகைச்சுவையாக அவர்களுக்குச் சொல்ல, பதினைந்து பேரும் அம்சத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். துரைக்கண்ணுவும் சிரித்தான். என்னை டிபன் சாப்பிடச் சொன்னார்கள். வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கெல்லாம் வீரையன் தன் மோட்டாரைத் திரும்பக் கொண்டுவந்தார். பின்னாலேயே மற்ற மூன்றும் வந்தன. புதிதாக இரண்டும். "ஒரு வேலைக்காரி பண்ண கூத்துக்கு ஒங்களப் போயி பேசிட்டாங்களேம்மா," என்று ஆளாளுக்கு வருத்தப்பட்டார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டு கம்பி சுற்றினேன். எனக்கு வந்திருக்க வேண்டிய நிம்மதி வரவே இல்லை. யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். மஸ்கட்டிலிருந்து போன் செய்த மனிதரிடம்கூட, சாப்பிட்டாயா என்று கேட்டதற்கே சண்டை போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து வாய்க்காலில் தண்ணீர் வந்தது. வீரையன் கூலி பாக்கி கொடுக்க வந்தபோது, நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பினார்.

"அம்சத்தைக் கூப்பிடுங்களேன்," என்றேன்.

"அந்தப் புளி அம்சத்தையா?" அவர் சிரித்தார். "ராஜராஜனே அன்னிக்கோட நிறுத்திட்டாரு. வந்தவங்க முன்னால மானம் போச்சுன்னு அவருக்கு. எல்லாரும் பேசிக்கறாங்கம்மா. கை சரியில்லாத ஆளு, எதுல விட்டாலும் கெடுத்துடும்னு."

"நாத்து நடறதுக்கும் மேக்னெட்டோவுக்கும் என்னங்க சம்பந்தம்? முப்பது வருஷமா நட்டுக்கிட்டிருக்கறவங்க!"

"எனக்கென்ன தெரியும்? எல்லாரும் சொல்றாங்க."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அன்று தன் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனபோதும் இப்படித்தான் சாதாரணமாகப் போனார். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவரையா உலுக்குவது? கடையை அப்படியே போட்டுவிட்டு மொபெட்டை எடுத்தேன்.

அம்சத்தின் வீடு வாய்க்கால் கரையில் கடைசி வீடு. வாய்க்கால் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் ராஜராஜன் வயலில் இருபது பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். அம்சம் தன் வாசலில் உட்கார்ந்து நூறு நாள் வேலை அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து பாயை எடுத்துப் போட்டாள்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே படபடவென்று பேசினேன். ராஜராஜனைத் திட்டினேன், துரைக்கண்ணுவைத் திட்டினேன், வீரையனைத் திட்டினேன். இப்போதே கூட்டுறவு சங்கத்துக்குப் போகிறேன், உரத்துக்கு நிற்கிற அத்தனை பேர் முன்னாலும் நடந்ததைச் சொல்கிறேன், தேய்க்கச் சொன்னது அந்த ஆள்தான் என்று சொல்கிறேன், என் கடை போனாலும் பரவாயில்லை என்றேன். மூச்சு வாங்கியது.

"சொல்லு தாயி," என்றாள் அம்சம். "சொல்ல வேணாம்னு நான் சொல்லல."

"அன்னிக்கே சொல்லியிருப்பேன்க்கா. நீங்கதான் விடுன்னு சொன்னீங்க."

அவள் எதிர்க்கரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் விடுன்னுதான் தாயி சொல்லுவேன். வேற என்ன சொல்ல முடியும் என்னால? ஒரே ஒரு தடவதான் சொன்னேன். நீ ஒடனே விட்டுட்ட."

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.